வீட்டுக்குள் வந்த தையல்

கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவது தமிழ்நாட்டு வீடுகளில் என்றும் இருந்த வேலை. துணியை அளந்து, வெட்டி, உடம்புக்குப் பொருந்தும் உடுப்பாகத் தைப்பது வேறு வேலை. அது நெடுங்காலம் கடைத்தெருவில், ஆண்களின் கையில் இருந்தது. வீட்டுப் பெண்களின் கைக்கு அது பரவலாக வந்து சேர்ந்தது கடந்த இருநூறு ஆண்டுகளில்தான். சமையலைப்போலத் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கி வந்த கலை அல்ல இது. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தாய் அவளிடம் கற்றுக்கொண்டாள். இப்படி வெளியிலிருந்து வந்ததால், வீட்டுத் தையல் தொடக்கத்திலிருந்தே வீட்டோடு நிற்கவில்லை. ஒரே கை தன் பிள்ளைக்கும் தைத்தது, கூலிக்கும் தைத்தது, மற்றவருக்குக் கற்றும் கொடுத்தது, இல்லாதவருக்கும் தைத்துக் கொடுத்தது.

பழைய நூல்களில் தையல்காரர்கள் இருக்கிறார்கள். துன்னுதல் என்றால் தைத்தல். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களை வரிசைப்படுத்தும்போது துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்பவரையும் தனித்தனியே சொல்கிறது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர் 'மெய்ப்பை' அணிந்திருக்கிறார்கள். உடம்பை ஒரு பையைப்போல மூடும் உடுப்பு என்று அந்தச் சொல்லே விளக்கிவிடுகிறது. பொருநராற்றுப்படையின் காட்சி இன்னும் நெருக்கமானது. கரிகாலனைப் பாட வரும் பொருநனின் உடை ஈரும் பேனும் அடைந்து, வியர்வையில் நனைந்து, வேறு வேறு நூல்களால் ஒட்டுத் தையல் போட்ட கந்தல். அரசன் அதை நீக்கிவிட்டுப் புதிய ஆடை தருகிறான். தமிழில் தையல் வேலையை இத்தனை அருகில் காட்டும் பழைய இடம் வேறொன்று எளிதில் நினைவுக்கு வருவதில்லை. பிற்காலத்தில், மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் தையல் வேலை செய்துவந்தவர்கள் பாணர் என்றும் மேஸ்திரி என்றும் அழைக்கப்பட்டதை 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு பதிவு செய்திருக்கிறது. யாழோடு ஊர் ஊராகச் சென்றவர்களின் பெயரை ஊசியும் நூலும் வைத்திருந்தவர்கள் சுமந்ததை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஆனால் இவையெல்லாம் ஓரத்துக் காட்சிகள். பெரும்பாலான மக்கள் உடுத்தது தைக்காத துணி. வேட்டி, சேலை, துண்டு ஆகிய மூன்றும் தறியிலிருந்து இறங்கியபடியே இடுப்புக்கும் தோளுக்கும் போயின. சடங்குகளில் தைக்காத துணிக்கே மதிப்பு. இன்றும் பூசையில் அமர்பவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருகிறார். பிராமணக் குடும்பங்களில் கணவனை இழந்த பெண்ணுக்கு ரவிக்கை மறுக்கப்பட்டது. ஊசியைப் பற்றியும் கட்டுப்பாடுகள் இருந்தன. உடுத்தியிருக்கும் துணியை உடம்பில் வைத்தே தைக்கக் கூடாது என்பார்கள். விளக்கு வைத்த பிறகு கடையில் ஊசி கொடுக்க மாட்டார்கள்.

தையல் மேசையில் புழங்கும் சொற்களே தைத்த உடுப்பு எங்கிருந்து பரவியது என்பதற்குச் சாட்சி. பொத்தான், லேசுக்குப் பழைய பெயரான ரேந்தை, இஸ்திரி ஆகியவை போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. பொத்தான் ஓட்டையைக் குறிக்கும் காஜா வடக்கே சுற்றி வந்து சேர்ந்தாலும் அதன் வேரும் போர்த்துகீசியமே. ரவிக்கை தெலுங்கு வழியாக வந்தது.

பெண்கள் கையில் ஊசி நிலைத்த கதை தென்கோடியில், நாகர்கோவிலில் தொடங்குகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-இல் அங்கே வந்தார்கள். மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி நடத்தினார். படிப்போடு தையலும், பிறகு லேஸ் பின்னலும் கற்றுத் தரப்பட்டன. அந்த லேஸ் கொக்கியால் பின்னுவதன்று. இறுக அடைத்த ஒரு திண்டின் மேல் துளையிட்ட காகிதப் படிவத்தை வைத்து, துளைகளில் குண்டூசிகளைக் குத்தி, மரக் கதிர்களில் சுற்றிய நூல்களை இரண்டிரண்டாக ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். ஒரு விரற்கடை நீளம் முடியவே நேரம் பிடிக்கும். கதிர்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் அறையில் கேட்கும். முடிந்த லேஸை ஐரோப்பியக் குடும்பங்கள் வாங்கின. வந்த பணத்தில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குக் கூலியாகப் போயிற்று. மீதி பள்ளியை நடத்த உதவியது.

அந்தக் கூலி சாதாரணமானதன்று. நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அப்போது மனிதர்களை அடிமைகளாக வைத்திருக்கும் வழக்கம் இருந்தது. அது முற்றாக ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சேர்த்த காசால் தங்கள் விலையைத் தாங்களே கொடுத்து விடுதலை பெற்ற பெண்கள் இருந்ததை மிஷன் பதிவுகள் சொல்கின்றன. வீட்டுத் தையலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சம்பாத்தியம் வேறொன்றும் இல்லை.

அதே சீமையில், அதே ஆண்டுகளில், தைத்த துணி ஒரு போராட்டமாகவும் ஆயிற்று. நாடார் பெண்கள் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்பது திருவிதாங்கூர் வழக்கம். கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்னும் தொளதொளப்பான மேல்சட்டை அணியலாம் என்று 1810-களில் அனுமதி வந்தது. மிஷன் வீடுகளில் அந்தக் குப்பாயங்கள் தைக்கப்பட்டன. அதன் வடிவத்தை அமைத்தவர் அதே மிஷனைச் சேர்ந்த மீட் பாதிரியாரின் மனைவி என்பார்கள். குப்பாயத்தோடு மேலே சேலையும் போர்த்தத் தொடங்கியபோது கலவரம் மூண்டது. தெருவிலும் சந்தையிலும் பெண்களின் மேல்துணி கிழிக்கப்பட்டது. 1829-இல் ஒரு அரச ஆணை, 1858-இல் மறுபடியும் கலவரம், கடைசியில் 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் எல்லோரும் சட்டை அணியலாம் என்ற அறிவிப்பு. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல மேல்துணி போர்த்தும் உரிமை தரப்படவில்லை. தோளும் கையும் மூடும்படி இரண்டு துண்டுத் துணியைச் சேர்த்துத் தைப்பது எத்தனை எளிய வேலை. அதை அணிந்து வீதியில் நடப்பதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போனார். கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிக்கொண்டிருந்த அதே வீட்டை ஒட்டி, எலைசா தேரிக்காட்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, தாயிடம் கற்ற லேஸ் பின்னலைச் சொல்லிக் கொடுத்தார். இடையன்குடி லேஸ் என்ற பெயர் நிலைத்தது. கத்தோலிக்கத் தரப்பில், 1897-இல் பெல்ஜியத்திலிருந்து குமரிப் பகுதியின் முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெமேஸ்தர் அநாதைப் பிள்ளைகளை வளர்த்து லேஸும் பூத்தையலும் பழக்கினார். கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில் ஹேரியட் வின்ஸ்லோ 1824-இல் தொடங்கிய உடுவில் பெண்கள் பள்ளியிலும் தையல் பாடத்தோடு பாடமாக இருந்தது. பெண்ணைப் படிக்க அனுப்பத் தயங்கிய பெற்றோருக்குத் தையல் ஒரு சமாதானமாக அமைந்தது: எழுத்து உதவாவிட்டாலும் ஊசி உதவும்.

தருமத்துக்குத் தைக்கும் பழக்கமும் இந்தப் பள்ளிகளோடு வேரூன்றியது. ஏழை விதவைகளுக்கு உடைகள் தைத்துக் கொடுத்த தொற்காள் என்னும் பெண்ணின் கதை பைபிளில் உண்டு. அவள் பெயரால் பல நாட்டுச் சபைகளில் பெண்கள் கூடித் தைத்தார்கள். வாரம் ஒரு மாலை ஒன்றாக உட்கார்ந்து தைப்பது, கிறிஸ்துமஸுக்கு முன் ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டை பாவாடை கொடுப்பது, தைத்ததை விற்று வந்த காசைச் சபைக்குக் கொடுப்பது என்று அது தொடர்ந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் கைத்தையல். ஐசக் சிங்கர் 1851-இல் தன் தையல் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். ஊசியின் முனையில் கண்ணும், கீழிருந்து இன்னொரு நூலும் கொண்ட தையலுக்கு எலையாஸ் ஹோவ் 1846-இலேயே உரிமை பெற்றிருந்ததால் இருவருக்கும் வழக்கு நடந்தது. சிங்கர் கம்பெனியைப் பெரிதாக்கியது இரும்பைவிடத் தவணைதான். முழு விலை கொடுக்க முடியாத குடும்பம் முன்பணம் கட்டி மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோய், மாதாமாதம் கட்டித் தீர்க்கலாம் என்பது அந்தக் கம்பெனி 1850-களிலேயே பழக்கிய ஏற்பாடு. கொழும்பில் சிங்கர் 1877-இல் கடை திறந்தது. இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் சேர்த்து அதன் வியாபாரத்தைப் பரப்பியவர் என்.எம். பட்டேல் என்னும் பார்சிக்காரர். தரையில் சம்மணமிட்டுத் தைத்துப் பழகிய நாட்டில், கையால் சுற்றும் சிறிய மிஷின் எளிதாக இடம்பிடித்தது. பாயை விரித்து, மரப்பெட்டி மூடியைத் தூக்கிவிட்டு, வலக்கை சக்கரத்திலும் இடக்கை துணியிலுமாகப் பெண்கள் தைத்தார்கள். காலால் மிதிக்கும் மிஷின் பின்னால்தான் வீடுகளில் பரவியது.

இயந்திரங்களை எதிர்த்த காந்தியும் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924-இல் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, சிங்கர் மிஷினைப் பயனுள்ள சில கண்டுபிடிப்புகளில் ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் காணப் பொறாமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். சிங்கரின் உண்மையான வாழ்க்கை அந்தக் கதையோடு ஒத்துப்போவதில்லை. ஆனால் காந்தி பார்த்த பார்வை சரியானது: ஒரு வீட்டுக்குள் அடங்கும், ஒருவரின் கைக்கும் காலுக்கும் கட்டுப்படும், அவரை வெளியேற்றாமல் அவருக்குத் துணையிருக்கும் இயந்திரம் அது. 

20-ஆம் நூற்றாண்டின் பெண்கள் அமைப்புகள் தையலை மிஷன் வளாகத்திலிருந்து எல்லாச் சமூகத்துக்கும் கொண்டுபோயின. அடையாறில் 1917-இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் கிளைகளில் எழுத்தறிவு வகுப்போடு தையல் வகுப்பும் நடந்தது. சென்னை சேவா சதன் 1928-இலும், முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லம் 1930-இலும், துர்காபாயின் ஆந்திர மகிள சபை 1937-இலும் தோன்றின. ஆதரவில்லாத பெண்ணுக்குச் சோறு போடுவதோடு கைத்தொழிலும் தர வேண்டும் என்பது இவற்றின் கொள்கை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் ரவிக்கை மறுக்கப்பட்ட விதவைகளின் தலைமுறை அப்போது மறையவில்லை. விடுதலைக்குப் பின் வட்டார வளர்ச்சித் திட்டம் கிராமங்களுக்கு வந்தபோது, கிராம சேவிகா நடத்திய மாதர் சங்கத்தின் அறையில் நிச்சயமாக இருந்த பொருள் ஒரு தையல் மிஷின். கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1930-களில் தயாரிக்கத் தொடங்கிய உஷா மிஷின் அதற்குள் சிங்கரோடு போட்டியிடும் அளவுக்கு வந்துவிட்டது. சீர் வரிசையில் பித்தளைக் குடத்தோடு தையல் மிஷினையும் வைக்கும் வழக்கமும் நடுத்தரக் குடும்பங்களில் உண்டாயிற்று.

பள்ளிக்கூடங்களில் தையல் டீச்சர் என்று ஒரு பதவியே உருவானது. ஓவியம், இசை போலத் தையலுக்கும் அரசுத் தேர்வுகள் துறை தொழில்நுட்பத் தேர்வு நடத்துகிறது. லோயர், ஹையர் என்று அதற்கு இரண்டு படிகள். மாணவிகள் ஒரு தையல் நோட்டு வைத்திருப்பார்கள். உள்ளங்கை அளவு வெள்ளைத் துணியில் ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், காஜா, ஒட்டுப்போடுதல் என்று ஒவ்வொன்றையும் செய்து பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டுவார்கள். மிஷின் பழகும்போது முதல் சில நாள் நூலே கிடையாது. கோடு போட்ட தாளை ஊசிக்கடியில் வைத்து, கோட்டின் மேலேயே துளை விழும்படி ஓட்ட வேண்டும். மிதிக்கும் கால் தடுமாறினால் சக்கரம் பின்னோக்கிச் சுழலும். தாளில் கோடு நேராக வந்த பிறகே பாபினில் நூல் சுற்றக் கற்றுத்தருவார்கள். தெருவுக்கு ஒரு தையல் வகுப்பு இருந்த காலத்தில், திருமணத்துக்குக் காத்திருந்த பெண்களும் பத்தாவது தேறாத பெண்களும் இந்தத் தாள் பயிற்சியில்தான் தொடங்கினார்கள். அப்படிப் படித்தவர்களில் சிலர் தங்கள் வீட்டு முன்னறையில் இன்னொரு வகுப்பை ஆரம்பித்தார்கள். மிஷின் விற்ற கம்பெனிகளைவிட இந்தப் பெண்களே தையலை ஊர் ஊராகப் பரப்பினார்கள்.

குடும்பத்துக்குத் தைத்தவை பெரும்பாலும் பழசிலிருந்து பிறந்தவை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பது வழக்கம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன தாத்தாவின் வேட்டிதான் ஜப்லாவாகும். பொத்தான் வைத்தால் உறுத்தும் என்று முதுகில் நாடா வைப்பார்கள். தையல் விளிம்பு தோலில் படாமல் மடிப்பை வெளிப்பக்கம் விடுவார்கள். நைந்த சேலை தூளியாகி, பிறகு தலையணை உறையாகி, கடைசியில் அடுப்படியில் பிடித்துணியாகும். வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் சேர்ந்து கால்மிதியாகும். வளரும் பெண்ணுக்குப் பாவாடை தைப்பதில் ஒரு கணக்கு உண்டு. அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்து, உயரம் கூடக் கூட ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் வெயிலும் சோப்பும் படாத பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரியும். பழைய பட்டுப்பாவாடை ஒன்றை விரித்துப் பார்த்தால், அந்தப் பட்டைகளைக்கொண்டே அதை உடுத்தியவள் எத்தனை ஆண்டு வளர்ந்தாள் என்று சொல்லிவிடலாம்.

கூலிக்குத் தைப்பதில் நடுநாயகம் ரவிக்கை. சட்டையும் கால்சட்டையும் ஆயத்த ஆடைக் கடைகளுக்குப் போய்விட்ட பிறகும் அது மட்டும் வீட்டுத் தையலை விட்டுப் போகவில்லை. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய உடுப்பு. கையைத் தூக்கினால் மேலே ஏறக் கூடாது. கழுத்து தோளை விட்டு நழுவக் கூடாது. அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவது வாடிக்கையாளர் வழக்கம். தேர்ந்த கை அதை விரித்து, மார்புச் சுற்று, தோள், கை நீளம், முன்கழுத்து, பின்கழுத்து என்று டேப்பால் அளந்து நோட்டில் எழுதி, துணியின் ஓரத்தில் துண்டுச்சீட்டைக் குத்திவைக்கும். சாதா ஜாக்கெட்டைப் போலன்றி, கிராஸ் கட்டிங்குக்குத் துணியைச் சாய்வாக வைத்து வெட்ட வேண்டும்; தவறினால் திருத்த முடியாது. ஆண் தையல்காரரிடம் அளவு கொடுக்கக் கூசிய பெண்களுக்கு, பக்கத்துத் தெருவில் ஒரு டெய்லர் அக்கா இருப்பது பெரிய நிம்மதி. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அந்த வீட்டில் விளக்கு அணையாது. கொக்கி வைக்கவும் ஹெம்மிங் செய்யவும் பிள்ளைகளும் மாமியாரும் உட்காருவார்கள். சேலைக்கு ஓரம் அடிப்பது, ஃபால்ஸ் வைப்பது, பழைய உடையைப் பிடித்துக் கொடுப்பது என்று சில்லறை வேலைகள் ஆண்டு முழுவதும் வரும். ஆயுத பூசையன்று மட்டும் மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கத்திரிக்கோலை அதன் மேல் வைத்துவிட்டு ஓய்வு கொடுப்பார்கள். இந்தப் பணம் கணவன் கைக்குப் போகாமல் அரிசிப் பானையிலோ சீட்டிலோ சேரும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாக மாறும்.

அரசும் இந்தச் சம்பாத்தியத்தை அறிந்திருந்தது. 1967-இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்ற சத்தியவாணி முத்து அம்மையாரின் நினைவாக, தமிழக சமூக நலத்துறை இலவசத் தையல் மிஷின் வழங்கிவருகிறது. விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், வருமானமில்லாத பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் இதைப் பெறலாம். தையல் தெரியும் என்பதற்கான சான்றைக் காட்ட வேண்டும். தெரியாத கையில் கொடுத்த மிஷின் விலைக்குப் போய்விடும் என்ற அனுபவ அறிவு அந்த நிபந்தனையில் இருக்கிறது. 1985-இல் சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை தரும் திட்டம் வந்தபோது, அதைத் தைக்கும் வேலை மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரப்பட்டது. வெட்டிய துணிக் கட்டுகளை உறுப்பினர்கள் சங்கத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு கிராமத்துப் பிள்ளை காலையில் மாட்டிக்கொள்ளும் அரைக்கால் சட்டை இன்னொரு ஊரின் திண்ணையில் தைக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே கணக்கில் வெட்டுவதால் அளவு பொருந்தாதபோது, அதைப் பிடித்துச் சரிசெய்யும் வேலை மறுபடி உள்ளூர் டெய்லர் அக்காவிடம் வரும். இலங்கையில் 2009-இல் போர் முடிந்தபின் வடக்கு கிழக்கில் குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்களுக்கு உதவிய தொண்டு அமைப்புகளும் பெரும்பாலும் தையல் மிஷினையே கொடுத்தன. 2020-இல் கொரோனா பரவி முகக்கவசம் கிடைக்காமல் போன வாரங்களில், சுயஉதவிக் குழுப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே துணிக் கவசங்கள் தைத்தார்கள். சிலர் கூலிக்கு, பலர் தெருவில் உள்ளவர்களுக்கு இலவசமாக.

ஆயத்த ஆடைத் தொழில் வளர்ந்ததும் வீட்டுத் தையலின் ஒரு பகுதி அதற்குள் போய்விட்டது. திருப்பூரின் பனியன் கம்பெனிகள் தையல் தெரிந்த பெண்களைப் பீஸ் ரேட்டுக்கு இழுத்தன. தூத்துக்குடி அருகே புதியம்புத்தூரில் வீட்டுக்கு வீடு மிஷின் ஓடி, குழந்தைகளின் கவுனும் நைட்டியும் மூட்டை மூட்டையாக வெளியூர் போகின்றன. கூலி துணி எண்ணிக்கையில். கூலி குறைவு என்ற குறை என்றும் உண்டு. வீட்டில் தைத்தவர்கள் மிதிக்கும் மிஷினில் சிறு மோட்டார் மாட்டினார்கள். ஓவர்லாக் மிஷின் தனியாக வாங்கினார்கள். கடந்த சில ஆண்டுகளில் கல்யாண ரவிக்கையில் ஆரி வேலை செய்யும் வழக்கம் வேகமாகப் பரவியது. நான்கு மரச்சட்டங்களில் துணியை இறுக்கிக் கட்டி, கொக்கி முனை ஊசியால் மணியும் ஜரிகையும் கோக்கும் அந்த வேலைக்கு நாள் கணக்கில் நேரமாகும். ஒரு ரவிக்கையின் கூலி சேலையின் விலையைத் தொடுவதும் உண்டு. ஆரி கற்றுத்தருகிறோம் என்ற சிறு பலகை இப்போது பல வீடுகளின் கேட்டில் தொங்குகிறது. உள்ளே, பழைய சிங்கர் மிஷின் ஜன்னலோரத்தில் இன்னும் இருக்கிறது. ஓரம் அடிக்க அதுவே போதும்.